எங்களுக்கு முன்பே பிறந்த பாட்டுகள்

2024இல் வெளிவந்த மூன்று படங்களை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’, ஆகஸ்டில் ‘வாழை’, செப்டம்பரில் ‘லப்பர் பந்து’. என் வகுப்பில் இந்த மூன்றையும் பார்க்காதவர்கள் குறைவு. மூன்றிலும் எங்கள் மனதில் ஆழமாகப் பதிந்த இடங்களில் ஒலித்தவை பழைய பாட்டுகள். முதல் படத்தில் 1991ஆம் ஆண்டின் பாட்டு, இரண்டாவதில் 1997ஆம் ஆண்டின் பாட்டு, மூன்றாவதில் 1989ஆம் ஆண்டின் பாட்டு. நாங்களோ 2000க்குப் பிறகு பிறந்தவர்கள். எங்கள் போனில் திரும்பத் திரும்ப ஓடும் பாட்டுகளில் பாதி எங்களைவிட வயதில் மூத்தவை.

இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். இன்றைய இசையமைப்பாளர்களிடம் சரக்கு தீர்ந்துவிட்டது, அதனால்தான் பழையதைத் தேடிப் போகிறார்கள் என்பது ஒரு கட்சி. நல்ல பாட்டு எத்தனை தலைமுறை கழித்தும் வாழும், புதிய படங்கள் அதற்கு மறுவாழ்வு தருகின்றன என்பது மறு கட்சி. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே எல்லாப் படங்களையும் ஒரே கூடையில் போட்டுவிடுகின்றன. பழைய பாட்டு ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு வேலை செய்கிறது. அந்த வேலைகளைப் பிரித்துப் பார்த்தால்தான் எது நல்ல பயன்பாடு, எது வெறும் கடன் என்று சொல்ல முடியும். என் தரப்பை முதலிலேயே வைத்துவிடுகிறேன். படத்துக்குள் இருக்கும் ஒரு மனிதருக்கு அந்தப் பாட்டு சொந்தமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அது அந்தப் படத்தின் பாட்டாகவே ஆகிவிடுகிறது. கைத்தட்டலுக்காக மட்டும் வைத்தால், அடுத்த வாரமே அது வந்த இடத்துக்குத் திரும்பிப் போய்விடுகிறது.

ரீமிக்ஸ் காலமும் அதன் பிறகும்

பழைய பாட்டைப் புதிய படத்தில் சேர்ப்பது இன்று தொடங்கிய பழக்கம் கிடையாது. 2000களில் அதற்கு ரீமிக்ஸ் என்று பெயர். ‘அடுத்த வாரிசு’ (1983) படத்தின் ‘ஆசை நூறு வகை’ பாட்டை யுவன் சங்கர் ராஜா ‘குறும்பு’ (2003) படத்துக்காகப் புதிய தாளத்தோடு திரும்பச் செய்தார். மறு ஆண்டு ‘நியூ’ படத்தில் ‘படகோட்டி’யின் ‘தொட்டால் பூ மலரும்’ ஏ.ஆர்.ரஹ்மானின் கையில் வேறு உருவம் எடுத்தது. 2007இல் ‘அழகிய தமிழ் மகன்’ படத்துக்காக அவரே ‘சொர்க்கம்’ (1970) படத்தின் ‘பொன்மகள் வந்தாள்’ பாட்டை மறுபடி அமைத்தார். அதே ஆண்டு வந்த புதிய ‘பில்லா’வில் 1980ஆம் ஆண்டு ‘பில்லா’வின் பாட்டு திரும்ப வந்தது.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுவான நம்பிக்கை இருந்தது. பாட்டு நன்றாக இருக்கிறது, ஒலிதான் பழசாகிவிட்டது, அதைப் புதுப்பித்துக் கொடுத்தால் இளைஞர்கள் கேட்பார்கள் என்ற நம்பிக்கை. குரல் மாறும், தாளம் மாறும், நடுவில் ஒரு ராப் வரும்.

இப்போதைய படங்கள் நேர் எதிர்த்திசையில் நடக்கின்றன. பெரும்பாலும் அதே பழைய பதிவைத்தான் வைக்கிறார்கள். அதே குரல், அதே தபேலா, அதே வயலின் கூட்டம். பழைய ஒலியை மறைக்க வேண்டிய குறையாக எங்கள் தலைமுறை நினைப்பதில்லை. அந்த ஒலிதான் எங்களை இழுக்கிறது. ரீமிக்ஸ் செய்த பாட்டுகள் அந்தந்த ஆண்டின் டிஸ்கோ விளக்கோடு நின்றுவிட்டன. அவற்றின் மூலப் பாட்டுகளைத்தான் இன்றும் தேடிக் கேட்கிறோம். இருபது ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றமே இந்த ஆய்வின் முதல் முடிவு.

காலத்தைச் சொல்லும் பாட்டு

பழைய பாட்டின் எளிய வேலை, கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்று சொல்வது. இதைச் சிறப்பாகச் செய்து காட்டிய படம் சசிகுமாரின் ‘சுப்ரமணியபுரம்’ (2008). 1980ஆம் ஆண்டின் மதுரையில் கதை நடக்கிறது. ‘முரட்டுக்காளை’ ஓடும் தியேட்டர் வருகிறது. ‘கல்லுக்குள் ஈரம்’ படத்தின் ‘சிறு பொன்மணி’ ஒலிக்க, அழகரும் துளசியும் பார்வையாலேயே பேசிக்கொள்கிறார்கள். அந்த இரண்டு படங்களும் 1980இல் வந்தவை. அந்த ஊரில், அந்த ஆண்டில், அந்தத் தெருவில் நடந்துபோகிற ஒருவர் காதில் என்ன விழுந்திருக்குமோ அதைத்தான் இயக்குநர் கேட்க வைக்கிறார். படத்துக்கு ஜேம்ஸ் வசந்தன் போட்ட ‘கண்கள் இரண்டால்’ பாட்டும் அதற்கு இணையாக நின்றது. பழைய பாட்டு புதிய பாட்டின் இடத்தைப் பறிக்கவில்லை.

மாரி செல்வராஜின் ‘வாழை’யிலும் இதே நேர்மை இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்து வாழைத் தோட்டங்களில் தார் சுமக்கும் பிள்ளைகளின் கதை அது. விடுமுறை நாளில் தலையில் சுமை ஏற்றும் சிவனைந்தனுக்குப் பள்ளிக்கூடம்தான் சொர்க்கம். அங்கே பூங்கொடி டீச்சரோடு பிள்ளைகள் ஆடும் இடத்தில் ‘எட்டுப்பட்டி ராசா’ (1997) படத்துக்கு தேவா இசையமைத்த ‘பஞ்சுமிட்டாய்’ பாட்டு வருகிறது. அந்தக் காலத்தில் தென்மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளைகள் ஆண்டு விழாவுக்கு ஆட எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? ரேடியோவிலும் கல்யாண வீட்டு ஸ்பீக்கரிலும் அப்போது எது ஓடிக்கொண்டிருந்ததோ அதைத்தான். அறிவாளிகள் பட்டியலில் இடம்பெறும் பாட்டைத் தேடிப் போகாமல், பிள்ளைகள் நிஜமாக ஆடியிருக்கக்கூடிய பாட்டை வைத்ததில்தான் அந்தக் காட்சியின் உண்மை இருக்கிறது. பின்னால் வரப்போகும் துயரத்துக்கு முன், அந்தச் சிறுவனுக்கு வாழ்க்கை கொடுத்த சில நிமிடச் சந்தோஷம் அது. அந்தப் பாட்டைக் கேட்டு ரீல்ஸ் போட்ட என் நண்பர்களில் பலர், தார் சுமந்த பிள்ளைகளின் கழுத்து வலியையும் அதோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஆளைச் சொல்லும் பாட்டு

இரண்டாவது வேலை இன்னும் நுட்பமானது. ஒரு பாத்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாட்டு சொல்வது.

பிரேம்குமார் இயக்கிய ‘96’ (2018) இதற்கு முதல் உதாரணம். பள்ளியில் நன்றாகப் பாடும் பெண்ணுக்கு, பாடகி எஸ்.ஜானகியின் நினைவாக ஜானகி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஜானு என்று அழைக்கிறார்கள். ‘தளபதி’யில் வரும் ‘யமுனை ஆற்றிலே’ பாட்டை அவள் பாட வேண்டும் என்று கூடப் படிக்கும் ராம் ஆசைப்படுகிறான். அவள் வேறு எதையெல்லாமோ பாடுகிறாள். அதை மட்டும் பாடுவதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஓர் இரவில், ராமின் வீட்டில் மின்சாரம் போகிறது. இருட்டில், வாத்தியம் எதுவும் இல்லாமல், ஜானு அந்தப் பாட்டைத் தொடங்குகிறாள். கேட்ட மாத்திரத்தில் ராம் தடுமாறி ஓடி விளக்கைத் தேடுகிறான். இத்தனை வருடம் காத்திருந்த பாட்டு முடிவதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு அந்த ஓட்டத்தில் தெரிகிறது.

‘தளபதி’யில் இது மிகச் சிறிய பாட்டு, இரண்டு நிமிடம்கூட வராது. கண்ணனுக்காகக் காத்திருக்கும் ராதையைப் பற்றியது. காத்திருப்பைப் பற்றிய பாட்டையே காத்திருக்க வைத்து, கடைசியில் பாட வைத்தார்கள். இந்த இடத்தில் வேறு பாட்டை வைத்துப் பார்த்தால் காட்சி சரிந்துவிடும். புதிதாக ஒரு பாட்டைப் போட்டிருந்தாலும் சரிந்துவிடும். தொண்ணூறுகளில் பத்தாம் வகுப்பு படித்த ஒருவன் அதைக் கேட்டு வளர்ந்திருக்க முடியாதே. இதே படத்துக்கு கோவிந்த் வசந்தா போட்ட ‘காதலே காதலே’ எங்கள் தலைமுறையின் பாட்டாக நிலைத்துவிட்டது. பழையதை எடுத்தவர்களுக்குப் புதியது வராது என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டியதில்லை.

‘லப்பர் பந்து’ இரண்டாவது உதாரணம். தமிழரசன் பச்சமுத்து இயக்கிய இந்தப் படத்தில் தினேஷ் நடித்த ‘கெத்து’ நடுத்தர வயதைத் தொட்ட, ரப்பர் பந்து கிரிக்கெட் ஆடுகிற மனிதர். விஜயகாந்த் ரசிகர். வீட்டில் மனைவிக்குத் தெரியாமல் மட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறவர். அவர் ஆட இறங்கும்போது ‘பொன்மன செல்வன்’ (1989) படத்தின் ‘நீ பொட்டு வச்ச’ பாட்டு மைதானத்தில் ஒலிக்கிறது. ஊர் கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு அந்த மைதானம் தெரியும். ஒரு ஓரத்தில் ஸ்பீக்கர் பெட்டி, மைக் பிடித்து வர்ணனை சொல்லும் அண்ணன், பெரிய ஆட்டக்காரர் உள்ளே வந்தால் அவருக்கென்று ஒரு பாட்டு. படம் இதைக் கற்பனை செய்யவில்லை. ஊரில் இருப்பதை எடுத்து வைத்தது.

விஜயகாந்த் இறந்தது 2023 டிசம்பரில். ஒன்பது மாதத்தில் படம் வந்தது. நான் பார்த்த காட்சியில் என் அப்பா வயதுக்காரர்களும் எங்கள் கல்லூரிக் கூட்டமும் அதே இடத்தில் ஒன்றாக எழுந்து நின்றோம். அவர்கள் தங்கள் இளமைக்காக எழுந்தார்கள். நாங்கள் கெத்துக்காக எழுந்தோம். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, “இந்தப் பாட்டு வந்தப்ப எங்க ஊர் டீக்கடையில ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடுவாங்க தெரியுமாடா” என்று தொடங்கி, விஜயகாந்த் படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அவரோடு நான் சினிமா பற்றி அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

கதையே ஆகிவிடும் பாட்டு

மூன்றாவது வகை அபூர்வம். பாட்டை எடுத்துவிட்டால் கதையே இல்லை என்ற நிலை. ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ அந்த வகை.

1991 தீபாவளிக்கு, நவம்பர் 5ஆம் தேதி, ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வெளிவந்தன. இரண்டுக்கும் இளையராஜா இசை. இன்று அதிகம் பேசப்படும் இரண்டு மறுபயன்பாடுகளும், ‘96’இன் பாட்டும் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ பாட்டும், அந்த ஒரே தீபாவளியில் பிறந்தவை. சந்தான பாரதி இயக்கிய ‘குணா’வின் முக்கியமான காட்சிகள் கொடைக்கானலில், ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று வெள்ளைக்காரர்கள் பெயரிட்ட குகையில் படமாயின. படத்துக்குப் பிறகு மக்கள் அதைக் குணா குகை என்றே அழைக்கத் தொடங்கினார்கள். சுற்றுலா வந்த கூட்டம் அந்த இடத்தைத் தேடிப் போனது. 2006இல் கேரளத்தின் மஞ்சும்மலிலிருந்து வந்த இளைஞர்களில் ஒருவர் அந்தக் குகையின் ஆழமான பள்ளத்தில் விழுந்தார். கூட வந்த நண்பர் கயிற்றில் இறங்கி அவரை மீட்டார். அந்த நிஜக் கதையை சிதம்பரம் மலையாளத்தில் படமாக்கினார். ஒரு படம் ஒரு குகைக்குப் பெயர் தந்தது, அந்தப் பெயர் ஓர் இளைஞர் கூட்டத்தை அங்கே இழுத்தது, அவர்களுக்கு நேர்ந்தது இன்னொரு படமானது. ‘கண்மணி அன்போடு’ பாட்டு இந்தச் சங்கிலியின் நடுக்கண்ணி.

மூலத்தில் காட்சி எப்படி? எழுதத் தெரியாத குணா, தான் அபிராமி என்று அழைக்கும் பெண்ணிடம், தான் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதச் சொல்கிறான். அவன் பேச்சாகச் சொல்வதை அவள் பாட்டாக்கித் திருப்பித் தருகிறாள். கமல்ஹாசன் பேசிப் பாட, எஸ்.ஜானகி பாட, வாலியின் வரிகள் கடிதமும் பாட்டுமாக மாறி மாறிப் போகின்றன. அன்பைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் திணறும் ஒருவனின் பாட்டு அது. புதிய படத்தில், பள்ளத்தில் விழுந்த சுபாஷை நண்பன் குட்டன் மேலே கொண்டுவரும் நேரத்தில் அதே பாட்டு எழுகிறது. காதலுக்காக எழுதிய சொற்கள் அந்த இடத்தில் நட்பைச் சொல்கின்றன. ஒரு எழுத்துகூட மாறவில்லை. தன்னைக் கொடுத்து இன்னொருவரைக் காப்பாற்றத் துணியும் அன்பு எதுவோ, அது அந்த வரிகளுக்குள் முன்பே இருந்தது என்று அந்தக் காட்சி காட்டிவிடுகிறது. சுஷின் ஷியாம் இசையமைத்த படம் இது. மீட்புக்கு முன்பு வரும் பயத்தையெல்லாம் அவருடைய பின்னணி இசைதான் கட்டி எழுப்புகிறது. அவர் கட்டிய இறுக்கம் இல்லாமல் பழைய பாட்டின் விடுதலை கிடைத்திருக்காது.

மலையாளத்திலேயே, டப்பிங் இல்லாமல், தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் இந்தப் படம் வாரக்கணக்கில் ஓடியது. கேரளத்து இளைஞர்களுக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு பாட்டு இருந்தது அதற்கு ஒரு காரணம்.

கொண்டாட்டத்துக்கு வரும் பாட்டு

நான்காவது வகைதான் எண்ணிக்கையில் அதிகம். சண்டையிலோ நாயகன் நுழையும்போதோ எதிர்பாராத ஒரு பழைய பாட்டைப் போடுவது. லோகேஷ் கனகராஜின் ‘விக்ரம்’ (2022) படத்தில் ‘அசுரன்’ (1995) படத்துக்கு ஆதித்யன் இசையமைத்த ‘சக்கு சக்கு’ பாட்டு வந்தபோது, அப்படி ஒரு பாட்டு இருந்ததே எங்களில் பலருக்குத் தெரியாது. அடுத்த சில வாரம் கல்லூரி விழா மேடைகளில் அதுதான் ஓடியது. ‘லியோ’வில் (2023) ‘ஏழையின் சிரிப்பில்’ (2000) படத்தின் ‘கரு கரு கருப்பாயி’யும், ‘பசும்பொன்’ (1995) படத்தின் ‘தாமரைப் பூவுக்கும்’ பாட்டும் அப்படி வந்தன. 2025இல் ‘குட் பேட் அக்லி’யில் இந்த முறை உச்சத்துக்குப் போனது. ‘சகலகலா வல்லவன்’, ‘விக்ரம்’ (1986), ‘நாட்டுப்புறப் பாட்டு’, ‘எதிரும் புதிரும்’ என்று பல படங்களின் பாட்டுகள் ஒரே படத்துக்குள் அணிவகுத்தன.

இந்த வகையை நான் ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடவில்லை. ‘லியோ’வில் பார்த்திபன் இமாச்சலத்தின் குளிரில் காபிக் கடை நடத்துகிறவர். அங்கே ஒலிக்கும் தமிழ்ப் பாட்டு, அவர் விட்டு வந்த மண்ணை நினைவூட்டுகிறது. மென்மையான பாட்டு ஓடிக்கொண்டிருக்கக் கொடூரமான சண்டை நடப்பது, அந்த மனிதருக்குள் அடங்கிக் கிடக்கும் இரண்டு ஆட்களை ஒரே நேரத்தில் காட்டுகிறது. அங்கே பாட்டுக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் வரிசையாகப் பாட்டுகளை அடுக்கும்போது அந்தக் காரணம் மெலிந்துகொண்டே போகிறது. விசில் வருகிறது; காட்சி மனதில் நிற்பதில்லை. எந்தப் பாட்டு எந்தப் பாத்திரத்துக்கு என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டால் பார்த்தவருக்கே சொல்லத் தெரியவில்லை. கெத்துவையும் ஜானுவையும் அவர்கள் பாட்டிலிருந்து யாராலும் பிரிக்க முடியாது. வித்தியாசம் அங்கேதான்.

படம் மறந்தும் பாட்டு நிற்பது ஏன்

இந்தப் பட்டியலை மறுபடி பார்த்தால் ஒன்று கண்ணில் படும். ‘தளபதி’யையும் ‘குணா’வையும் விட்டுவிடுங்கள். ‘பொன்மன செல்வன்’, ‘எட்டுப்பட்டி ராசா’, ‘ஏழையின் சிரிப்பில்’, ‘அசுரன்’ ஆகிய படங்களை என் வயதில் யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. பாட்டு மட்டும் எப்படிப் பிழைத்தது?

அந்தக் காலத்தில் பாட்டு படத்தோடு கட்டிப்போடப்படவில்லை என்பதுதான் விடை. இலங்கை வானொலியும் விவித பாரதியும் பாட்டைப் படத்திலிருந்து பிரித்து வீட்டுக்குள் கொண்டுவந்தன. பிறகு கேசட் வந்தது. ஊருக்கு ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால், 60 நிமிடம் அல்லது 90 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். எந்தப் படம் ஓடியது, எது ஓடவில்லை என்ற கணக்கு அந்தத் தாளில் இல்லை. பிடித்த பாட்டு இருந்தது, அவ்வளவுதான். டவுன் பஸ், டீக்கடை, கல்யாண வீடு, கோயில் கொடை எல்லாம் அந்தப் பாட்டுகளை ஊர் முழுக்க விதைத்தன. இன்றும் மேற்கு மாவட்டங்களின் தனியார் பஸ்களிலும் மதுரைப் பக்கத்து மினி பஸ்களிலும் ஏறினால் எண்பதுகளின் பாட்டுதான் ஓடுகிறது. எங்களுக்கு இளையராஜாவை முதலில் அறிமுகப்படுத்தியவர்கள் பஸ் டிரைவர் அண்ணன்கள்தான்.

இன்று அந்த வேலையை ரீல்ஸ் செய்கிறது. ஒரு பெரிய வேறுபாட்டோடு. முப்பது நொடிதான் அதற்குத் தேவை. எங்களில் பலருக்குப் பல்லவி தெரியும், சரணம் தெரியாது. தமிழ்த் திரைப்பாட்டில் பல்லவி கேள்வியைப் போடும், சரணத்தில்தான் கவிஞரும் இசையமைப்பாளரும் நிஜமாக வேலை செய்திருப்பார்கள். இரண்டு சரணங்களுக்கு நடுவில் வரும் இடையிசை தனியாகவே ஒரு கதை சொல்லும். ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ பார்த்துவிட்டு ‘கண்மணி அன்போடு’ பாட்டை முழுதாகக் கேட்ட நண்பர்கள், அங்கிருந்து ‘குணா’வுக்குப் போனார்கள், அங்கிருந்து வாலிக்குப் போனார்கள். ‘சக்கு சக்கு’வில் நின்றவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். பாட்டு படத்தில் எவ்வளவு ஆழமாக வேர் பிடித்திருக்கிறதோ அவ்வளவு தூரம் அது எங்களை இழுத்துப்போகிறது.

பாட்டு யாருடையது

பழைய பாட்டு யாருடையது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. ‘கூலி’ டீசரில் ‘தங்கமகன்’ படத்தின் பாட்டைப் பயன்படுத்தியதற்காகவும், ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ பாட்டுக்காகவும் 2024இல் இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் முறையாக அனுமதி பெற்றோம் என்றார்கள் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ தயாரிப்பாளர்கள். ‘குட் பேட் அக்லி’ வழக்கு இன்னும் தூரம் போனது. 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின், படம் ஓடிடி தளத்திலிருந்து எடுக்கப்பட்டு, அந்தப் பாட்டுகள் இல்லாமல் திரும்பி வந்தது. அதே ஆண்டு தீபாவளிக்கு வந்த ‘டியூட்’ படமும், ‘புது நெல்லு புது நாத்து’ (1991) பாட்டுக்காக இதே சிக்கலைச் சந்தித்தது.

சட்டத்தின் அடிப்படை சிக்கலானது. ஆனால் புரிந்துகொள்ள முடியாதது அல்ல. ஒரு பாட்டில் மூன்று சொத்துகள் இருக்கின்றன. வரிகள் ஒன்று, மெட்டு ஒன்று, பதிவான ஒலி ஒன்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவரின் ஆயுளும் அதன் பிறகு 60 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு. படத்துக்காகப் பணம் கொடுத்துப் பாட்டை உருவாக்கச் சொன்ன தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அடிப்படையில் தயாரிப்பாளர்கள் கேசட் நிறுவனங்களுக்கு விற்றார்கள். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதில் ஒரு நியாயத்தைச் சேர்த்தது. தியேட்டரில் படத்தோடு காட்டுவது தவிர மற்ற பயன்பாடுகளில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. அதை எழுதிக் கொடுத்துவிட முடியாது. ஜாவேத் அக்தர் இதற்காக மாநிலங்களவையில் வாதாடினார். இவற்றுக்கும் மேலாக, உரிமையை விற்ற பிறகும் தன் படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் தார்மிக உரிமை படைப்பாளிக்கு உண்டு. இளையராஜா வலியுறுத்துவதில் முக்கியமானது இந்த உரிமை.

எதிர்த்தரப்பில் இன்னொரு குரலும் கேட்கிறது. தன் பாட்டுகளைப் பயன்படுத்துவதற்குத் தான் காப்புரிமை கேட்பதில்லை, இதனால் இன்றைய பிள்ளைகளுக்குத் தன்னைத் தெரிகிறது, அதுவே மகிழ்ச்சி என்று தேவா சொல்லியிருக்கிறார். அது அவருடைய பெருந்தன்மை. ஒருவரின் பெருந்தன்மையை மற்றவர்கள் மீது கடமையாகச் சுமத்தக் கூடாது. கேட்பதும் கேட்காமல் விடுவதும் படைத்தவரின் விருப்பம். கேட்டு அனுமதி வாங்குவது எடுப்பவரின் கடமை. 2024இல் மேல்முறையீட்டு விசாரணையின்போது உயர் நீதிமன்றம், வரிகள் இல்லாமல் பாட்டு இல்லையே, பாடலாசிரியருக்கும் உரிமை உண்டல்லவா என்ற கேள்வியை எழுப்பியது. எங்கள் வகுப்பில் பழைய பாட்டுகளை விரும்பும் பலருக்கு அவற்றை எழுதியவர் யார் என்று தெரியாது. அந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதல்ல.

புதிய இசையின் நிலை

இன்றைய இசையில் வறட்சி என்ற வாதத்துக்கு வருவோம். 2019இல் ஒரு பேட்டியில் இளையராஜா இதைக் கடுமையாகச் சொன்னார். ஒரு காலத்தைக் காட்ட வேண்டுமென்றால் அந்தக் காலத்துக்கு ஏற்ற பாட்டை இன்றைய இசையமைப்பாளரே உருவாக்க வேண்டும் என்பது அவர் கருத்து. மரியாதையோடு மாறுபடுகிறேன். பொய்யாக ஒரு பழைய பாட்டை உருவாக்கினால், அது ஜானுவின் நினைவில் இருந்திருக்க முடியாது. பார்ப்பவர் நினைவிலும் இருக்காது. சில காட்சிகளுக்கு நிஜமாக வாழ்ந்த பாட்டுதான் வேண்டும்.

வறட்சி இல்லை என்பதற்கும் சான்றுகள் இருக்கின்றன. ‘மாமன்னன்’ (2023) படத்தில் வடிவேலுவைப் பாட வைத்து ரஹ்மான் தந்த ‘ராசா கண்ணு’, வலியை இவ்வளவு நெருக்கத்தில் கேட்க முடியும் என்று எங்களுக்குக் காட்டியது. ‘மெய்யழகன்’ (2024) படத்தில் கமல்ஹாசன் பாடிய ‘யாரோ இவன் யாரோ’, பெயரே நினைவுக்கு வராத ஓர் உறவுக்காரனின் அன்பில் தவிக்கும் மனிதனின் பாட்டு. எனக்கு மிகவும் பிடித்த புதிய பாட்டு அதுதான். அதே இயக்குநர், அதே இசையமைப்பாளர், ‘96’இல் பழைய பாட்டைத் தேடியவர்கள்தான். தேவை எங்கே இருக்கிறதோ அங்கே பழையது. தேவை வேறாக இருக்கும் இடத்தில் புதியது.

கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. இன்றைய படங்களில் பாட்டுக்குக் கிடைக்கும் இடம் சுருங்குகிறது. புதிய பாட்டே வேண்டாம் என்று தீர்மானித்த ‘ஆரண்ய காண்டம்’, ‘கைதி’ போன்ற படங்களை நான் மதிக்கிறேன். அது ஒரு கலைத் தேர்வு. ஆனால் பாட்டை உருவாக்கி, பாதியை வெட்டி, மீதியை வசனத்துக்கு அடியில் போட்டு அழுத்துவது வேறு. நாயகன் புகழை மட்டுமே பாடும் பாட்டும் அந்த நாயகனைத் தாண்டி யாருக்கும் உதவாது. ஒரு கிராமத்துச் சிறுவன் ஆடவும், ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரர் மைதானத்தில் இறங்கவும், ஒருத்தி இருட்டில் பாடவும் ஏற்ற பாட்டு என்றால், அது யாருடைய வாழ்க்கைக்குள்ளும் போய் உட்காரக்கூடியதாக இருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் மறுவெளியீடான ‘கில்லி’க்குத் தியேட்டர்களில் எங்கள் வயதினர் ஆடியதைப் பார்த்தபோது, வித்யாசாகர் 2004இல் போட்ட பாட்டுக்கு அந்தத் தகுதி இருந்தது தெரிந்தது. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025) படம், ‘மம்பட்டியான்’ (2011) படத்தின் பாட்டு ஒன்றை எடுத்து வைத்து ஆட வைத்தது. எடுக்கப்படும் பாட்டின் வயது குறைந்துகொண்டே வருகிறது. இன்று பதிவாகும் பாட்டுக்கும் அந்த முறை வரும்.

தொகுப்பு

இந்தப் பார்வையில் கிடைத்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். பழைய பாட்டைப் புதிய படம் எடுத்துக்கொள்வது சோம்பலின் அடையாளமாக இருக்கத் தேவையில்லை. காலத்தையோ, ஆளையோ, கதையையோ அது சொல்லும்போது அது படைப்பு. காரணமில்லாமல் அடுக்கும்போது அது கைத்தட்டலுக்கான கடன். இயக்குநர்கள் தங்களிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: இந்தப் பாட்டு என் கதையில் யாருடையது? அதற்கு ஒரு பாத்திரத்தின் பெயர் பதிலாக வராவிட்டால், அந்தப் பாட்டை வைக்க வேண்டாம்.

தயாரிப்பாளர்கள் செய்ய வேண்டியதும் தெளிவு. படம் எடுக்கும் முன்பே அனுமதி வாங்க வேண்டும். டைட்டில் கார்டில் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், மூலப் படம் நான்கையும் எல்லோர் கண்ணிலும் படும்படி போட வேண்டும். எங்கள் தலைமுறைக்கும் ஒரு வேலை இருக்கிறது. படத்தில் கேட்ட பாட்டை வீட்டில் ஒரு முறை சரணம் வரை கேட்க வேண்டும். அதை எழுதியவர் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரீல்ஸ் போடும்போது அந்தப் பெயரையும் சேர்த்துப் போட வேண்டும். எங்களுக்கு முன்பே பிறந்த பாட்டுகள் இவ்வளவு தூரம் வந்து எங்களைச் சேர்ந்தது, யாரோ ஒருவர் ரெக்கார்டிங் கடையில் அவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்ததால்தான். எங்கள் காலத்தின் நல்ல பாட்டுகளை அடுத்தவர்களுக்குக் கொடுக்கும் பொறுப்பு இனி எங்களுடையது.